தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்கள் பலவற்றில் சிறு கிறிஸ்தவ ஆலயங்கள் உள. அவற்றிற் கூடுவோருட் பெரும்பாலார் உழவுத் தொழிலை நம்பி வாழும் எளிய மக்கள். முதியோருள் எழுத்தறியாதாரும் உளர். ஆயினும் அவர்கள் புத்தகத்தின் உதவியின்றியே பல்லவி, அநுபல்லவி, சரணங்களோடு கூடிய கீர்த்தனங்களைத் தாளந் தவறாது பாடக் கேட்கின்றோம். பாடப் பாட அவர்தம் முகம் மலர்வதும், கண்கள் நீர் சொரிவதும், கைகள் தாமே தாளமிடுவதும் நாம் காண்பனவே. அப்பாடல்களுட் பலவற்றிற்கு ஆசிரியர், திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, தஞ்சையில் வாழ்ந்து, 1864ஆம் ஆண்டில் மறைந்த வேதநாயக சாஸ்திரியார் ஆவர். நீதிநூலும் பிரதாப முதலியார் சரித்திரமும் இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் நன்று.

அரசவையிலே வீற்றிருந்த புலவரொருவரின் பாட்டு, ஏட்டைத் தொட்டறியாத உழவரின் நாவில் எவ்வாறு குடிகொண்டது? இசையின் தொழில்நுட்பம் உள்ளத்தின் பரவசமாக மாறுவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் முன்வைத்து அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7ஆம் நாள் பாளையங்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் பிள்ளை. தாயார் ஞானப்பூ அம்மாள். தந்தையார் சைவ வேளாளர் குடியிற் பிறந்து பின்னர்க் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவியவர். அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையிலே திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி பெரும்புகழ் பெற்றிருந்தது. கும்மியும் கோலாட்டமும் நொண்டிச் சிந்தும் தெருக்கள்தோறும் ஒலித்தன. புதிய சமயத்தின் வேதமும், பழைய நாட்டின் பாட்டும் ஒருங்கே செவியில் விழ வளர்ந்த பிள்ளை அவர்.

ஜெர்மானியரான சுவார்ட்ஸ் ஐயர் 1750ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிப் பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் ஊழியம் புரிந்தவர். கிளாரிந்தா அம்மையார் பாளையங்கோட்டையிற் கட்டுவித்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்யும் பொருட்டு 1785ஆம் ஆண்டில் அவர் அவ்வூர்க்கு வந்தார். அக்காலத்தை ஒட்டிச் சிறுவராயிருந்த வேதநாயகத்தின் கூர்த்த மதியைக் கண்டு, தந்தையாரின் இசைவு பெற்று, அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று தம் மகன்போல் வளர்த்தார். தஞ்சை மன்னர் துளஜாவின் தத்துப்புத்திரராகிய சரபோஜியும் அதே சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் இருந்தார். மன்னராகப் போகிறவரும் கவிஞராகப் போகிறவரும் இவ்வாறு ஓர் ஆசிரியரின் நிழலிலே தோழராயினர். இத்தோழமை பிற்காலத்திற் பெரிதும் பயன்பட்டதென்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்வியும் பணியும்

தரங்கம்பாடிக்கு அனுப்பப்பெற்ற வேதநாயகம், ஆங்கிருந்த ஜெர்மானியக் குருமாரிடம் வேதசாஸ்திரத்தோடு கணிதமும் வானசாஸ்திரமும் உடற்கூற்றியலும் கற்றார். இருபது வயதையொட்டிய பருவத்திலேயே தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியராய் அமர்ந்தார். 1798ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13ஆம் நாள் சுவார்ட்ஸ் ஐயர் இறந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார்.

தஞ்சை அந்நாளில் இசைக்குத் தாயகமாய் விளங்கிற்று. முதலாம் இராஜராஜன் எடுத்த பெரிய கோயிலிலே, திருப்பதியம் பாடுவதற்கெனப் பிடாரர் 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரும் நியமிக்கப்பெற்றமையைக் கல்வெட்டுக் கூறும். அந்நிலத்திலேயே, சாஸ்திரியாரின் வாழ்நாளில், தியாகராஜ சுவாமிகளும் முத்துஸ்வாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் வாழ்ந்து கீர்த்தன முறையை அதன் உச்சியிற் கொண்டு நிறுத்தினர். சீகாழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் அவர்களுக்கு முன்னரே தமிழ்நாடெங்கும் பரவியிருந்தன. இத்தகைய சூழலில் வாழ்ந்த ஒருவர் தம் ஆண்டவரைப் பாட எண்ணியபொழுது அவர்க்குக் கிட்டிய கருவிகள் எவையெனக் கூறவும் வேண்டுமோ! இராகமும் தாளமும் எதுகையும் மோனையும் அவர்தம் மூச்சுக்காற்றோடு கலந்திருந்தன.

பெத்லகேம் குறவஞ்சி

1800ஆம் ஆண்டையொட்டிச் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். தலைவன் உலா வருதலும், தலைவி காதலுற்று வருந்துதலும், குறத்தி வந்து மலைவளமும் நாட்டுவளமும் கூறிக் கைபார்த்துக் குறி சொல்லுதலும், குறவன் பறவை பிடித்தலும் குறவஞ்சி நாடகத்தின் மரபு. சாஸ்திரியார் இம்மரபின் ஓர் உறுப்பையும் சிதைத்தாரல்லர். உறுப்பனைத்திற்கும் புதிய பொருளூட்டினார். தலைவனோ பெத்லகேமிற் பிறந்த பெருமான். தலைவி தேவமோகினி என்னும் சீயோன் குமாரி. அவள் திருச்சபையின் உருவகம். குறி கூறும் குறத்தி விசுவாசமாகவும், கண்ணி வைக்கும் குறவன் நற்செய்தி கூறும் போதகனாகவும், பிடிபடும் பறவைகள் பற்பல நாட்டு மக்களாகவும் ஆயினர். குறத்தி பாடும் மலையும் ஆறும் ஒரு சீமையினவாயிராமல் உலகம் முழுதும் விரிந்தன. சூரியனை நடுவாகக் கொண்டு கோள்கள் சுற்றுகின்றன என்னும் கோப்பர்நிக்கஸின் கொள்கையும், தேவனின் படைப்பைப் புகழும் முகத்தால் இந்நூலிற் புகுந்தது.

இதனையன்றி ஜெபமாலை, ஞானத்தச்ச நாடகம், சாஸ்திரக் கும்மி முதலாக அவர் இயற்றிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டன என்பர். அவர் தம் பாடல்களை வீட்டில் எழுதி வைத்து மகிழ்ந்தவரல்லர். மாணாக்கருடன் ஊர் ஊராய்ச் சென்று, கதாகாலட்சேப முறையில் தாமே பாடிப் பொருளும் விரித்தார். தஞ்சை, சென்னை முதலிய இடங்களிலிருந்த சபையார் ஞானதீபக் கவிராயர், சுவிசேஷக் கவிராயர், வேத சாஸ்திரியார் என்னும் பட்டங்களை அவர்க்குச் சூட்டினர்.

பாட்டின் நுட்பம்

அவர் பாட்டு மக்களை ஆட்கொண்டமைக்குக் காரணம் பக்தி ஒன்றே என்று கூறிவிடலாம். அஃது உண்மையே ஆயினும் முழு உண்மையன்று. பக்தியுடையார் பாடிய பாட்டெல்லாம் நிலைபெறுவதில்லை. ஆகலின் அவர் கையாண்ட முறையைச் சற்றே நுணுகி நோக்குவோம்.

முதலாவது, பல்லவியின் தொழில். பல்லவி ஓரிரண்டு அடியே. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அது மீண்டு வருகின்றது. முன்பாடுவோன் சரணத்தைப் பாடச் சபையார் பல்லவியை எடுத்துப் பாடுவர். எழுத்தறியாதான் ஒருவன் அவ்விரண்டடியை மட்டும் நெஞ்சில் நிறுத்துவானாயின், பாட்டு முழுமையிலும் அவனுக்குப் பங்குண்டு. அன்றியும், மீண்டும் மீண்டும் வரும் அவ்வடி ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே நிற்பதில்லை. முதன்முறை அஃது ஒரு செய்தி. பாடுகளின் துயரைக் கூறும் சரணத்தின்பின் அதுவே அழுகை. மன்னிப்பைக் கூறும் சரணத்தின்பின் அதுவே நன்றி. சொல் மாறாதிருக்க உள்ளம் படிப்படியாய் ஏறுகின்றது. பரவசம் என்று நாம் கூறுவது வானினின்று திடீரென வீழ்வதன்று. இவ்வாறு படிகட்டி ஏற்றப்படுவதாம்.

இரண்டாவது, தாளம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதியும், மூன்றும் நான்குமாய் ஏழாக நடக்கும் மிசிரசாபும் நம் மக்களின் கைக்கும் காலுக்கும் பழகியவை. உத்திரமேரூர்ப் பக்கத்துத் தெருக்கூத்தைக் கண்டோர், மத்தளத்தின் நடை மாறியதும் கூட்டத்தின் மூச்சே மாறுவதை அறிவர். கும்மியிலோ வட்டமாய் நின்று கைகொட்டுவாருள் பாடுவோர் யார், கேட்போர் யார் என்னும் வேறுபாடே இல்லை. உடல் தாளத்தைத் தாங்கிக்கொள்ளுமாயின் மனம் அச்சுமையினின்று விடுபட்டுப் பொருளில் ஆழும். சாஸ்திரியார் கும்மியையும் சிந்தையும் இழிந்தனவென்று ஒதுக்காது எடுத்தாண்டமையின் இரகசியம் இதுவே.

மூன்றாவது, சொல்லின் மாத்திரை. அக்காலத்து ஆலயங்களில் ஜெர்மானியப் பாட்டுக்களை அவ்வவற்றின் மெட்டிலேயே தமிழாக்கிப் பாடும் வழக்கம் இருந்தது. வேதத்தை மொழிபெயர்த்த பப்ரீசியுஸ் ஐயர் இத்துறையிலும் பெரும்பணி புரிந்தவர்; அப்பாட்டுக்களின் பக்தியையும் பொருளாழத்தையும் நாம் குறைத்துக் கூறோம். ஆயினும் தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். ஒரே அளவாய் நீளும் மேனாட்டு மெட்டிலே விடு என்பது வீடு என்று ஒலிக்கும், பல் பாலாகும், மன் மானாகும். கேட்போன் பொருளைத் தேடியே களைத்துப் போவான். சாஸ்திரியாரின் பாட்டிலோ, குறில் நிற்குமிடத்தில் இசையும் குறுகி நிற்கும். நெடில் வருமிடத்தில் இராகம் விரிவதற்கு இடம் பிறக்கும். எதுகையும் மோனையும் அடுத்த அடியை நினைவிற்குக் கொண்டு தரும். சோகத்திற்கு முகாரியும் தாலாட்டிற்கு நீலாம்பரியும் போலச் சுவைக்கேற்ற இராகம் என்னும் நாட்டு மரபும் அவர்க்குத் துணையாயிற்று.

கடலுக்கப்பால் ஓர் ஒப்புமை

இவ்வுண்மை தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாய் அமெரிக்காவிற்குக் கொண்டு செல்லப்பட்ட கறுப்பின மக்களின் ஆலயப் பாட்டை நோக்குவார்க்கு இது நன்கு விளங்கும். அவர்கள் வட்டமாய்ச் சுற்றி வந்து, கைகொட்டிக் காலைத் தேய்த்து நடந்து பாடிய வழிபாட்டு ஆட்டம் ஒன்றுண்டு. நம் கும்மியை அறிந்தார்க்கு அது புதிதாய்த் தோன்றாது. முன்பாடுவோன் ஓரடி கூறக் கூட்டம் விடையிறுக்கும் முறையும் அவர்களிடம் உண்டு. அவ்வாட்டத்தை அவ்வினத்தாரேயான கற்றறிந்த கண்காணியார் டானியல் பெய்ன் போன்றோரும் நாகரிகமற்றதென்று கண்டித்தனர்.

1866ஆம் ஆண்டில் மிஷனரிச் சங்கத்தாரின் ஆதரவில் நாஷ்வில் நகரில் தொடங்கப்பெற்ற பிஸ்க் கலாசாலை வறுமையால் மூடப்படும் நிலையை அடைந்தபொழுது, அதன் மாணவர் குழுவொன்று 1871ஆம் ஆண்டில் பாடிப் பொருளீட்டப் புறப்பட்டது. தம் பெற்றோர் அடிமைத்தளையிற் பாடிய பாட்டுக்களை அவர்கள் உலகறியப் பாடினர். அவ்வூதியத்தாலேயே ஜூபிலி மண்டபம் எழுந்தது. மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் இச்செய்தியை மறத்தலாகாது. அவர்கள் பெயர் பூண்ட குழுவொன்று 1884 முதல் 1890 வரை உலகைச் சுற்றி வந்து இந்தியாவிலும் பாடிற்று.

பின்னர் 1899ஆம் ஆண்டிற் பிறந்த தாமஸ் டார்ஸி என்பார், கேளிக்கை விடுதிகளில் ஒலித்த புளூஸ் என்னும் இசையின் சுரநெளிவையும் நடையையும் நற்செய்திப் பாட்டிற் புகுத்தினார். சிகாகோ நகரத்து ஆலயங்கள் பல முதலில் அவரை வெளியே நிறுத்தின. 1932ஆம் ஆண்டில் மனைவியையும் பிறந்த குழவியையும் ஒருங்கே இழந்த துயரில் அவர் புனைந்த பாட்டு உலகெங்கும் பரவிற்று. மஹாலியா ஜாக்ஸன் அம்மையார் அவர் பாட்டுக்களைப் பாடிப் புகழ் எய்தினார். ஓரெழுத்தைப் பல சுரங்களில் இழைத்தலும், கூட்டத்தின் விடையைப் பெற்று அடுத்த அடியை உயர்த்துதலும், நடையைச் சிறிது சிறிதாய் முடுக்குதலும் அவர்தம் கலையின் நுட்பங்கள். அங்கும் இங்கும் நேர்ந்த வழக்கு ஒன்றே. தெருவின் இசை ஆலயத்திற்குள் நுழையலாமோ என்பதே அது.

சபையில் எழுந்த சச்சரவு

சாஸ்திரியாரின் வாழ்வில் அவ்வழக்கு 1820ஐ அடுத்த ஆண்டுகளில் முற்றியது. சுவார்ட்ஸ் ஐயரின் காலத்தவர் மறைய, புதிய மிஷனரிமார் வந்தனர். அவர்கள்மேற் சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் கூறிய குறைகள் நான்கு: பழகிய தமிழ் வேதத்தைத் திருத்தி மாற்றியது, சாதியாரை ஒன்றாய் இருத்த முற்பட்டது, விழாவிலும் மணத்திலும் பூ முதலியவற்றை விலக்கியது, ஆலயத்தினின்று தமிழ்க் கீர்த்தனத்தை அகற்றியது ஆகியன.

இந்நான்கனையும் ஒரே தட்டில் வைத்து நாம் போற்றுதல் இயலாது. கீர்த்தனத்தைப் பற்றி அவர் கூறியது நியாயம். காலமும் அதனை மெய்ப்பித்தது. சாதியைப் பற்றி அவர் கொண்ட கொள்கையோ அநியாயம். வேளாளர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்டோர் மற்றொருபுறமுமாய்ப் பிரிந்து அமரும் வழக்கத்தை அவர் நாட்டாசாரமென்று காத்து நின்று, 1829ஆம் ஆண்டில் அதன்பொருட்டு ஒரு நூலும் வரைந்தார். சாதி வேறுபாட்டைச் சபையினின்று முற்றும் நீக்குக என்று டானியல் வில்ஸன் அத்தியட்சர் 1833ஆம் ஆண்டில் கட்டளையிட்டபொழுது, தஞ்சைச் சபையாருட் பலர் அதனை எதிர்த்துப் பிரிந்தனர். தொழுவத்திற் பிறந்த பெருமானைக் குறவஞ்சி நாடகத்திற் பாடிய நாவு, அருகே அமர வந்த ஏழையை ஏற்க மறுத்தமை நமக்குப் பெருந்துயரம் விளைப்பதாகும். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய இடங்களைத் திரையிட்டு மறைப்பது வழக்கம். மறைத்தல் அப்பெரியோர்க்குச் செய்யும் மரியாதையன்று என்பது எம் கருத்து. அக்காலத்தவர் அனைவரும் அவ்வாறே இருந்தனர் என்று சமாதானம் கூறுதலும் பொருந்தாது. எதிராய் நின்றோரும் அக்காலத்தவரே.

அரசவையும் முதுமையும்

1829ஆம் ஆண்டளவில் சாஸ்திரியார் மிஷன் ஊழியத்தினின்று நீக்கப்பட்டார். ஐம்பத்தைந்து வயதில், குடும்பப் பாரத்தோடு, வருவாயிழந்து நின்றவரை இளமைத் தோழராகிய சரபோஜி மன்னர் ஆதரித்துத் தம் அவைப்புலவராக அமர்த்தினார்.

அம்மன்னர் பல கலைகளிலும் வல்லவர். சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கியவர். பெத்லகேம் குறவஞ்சியின் சுவையிற் பெரிதும் ஈடுபட்ட அவர், பிரகதீசுவரர்மீதும் அவ்வாறு பாடித் தருமாறு சாஸ்திரியாரைக் கேட்டாரென்றும், சாஸ்திரியார் அதற்கு இசையவில்லை என்றும், மன்னர் அதன்பொருட்டுச் சினவாது அவரை மதித்தே நடத்தினார் என்றும் வழிவழியாகக் கூறப்பட்டு வருகின்றது. இதனைக் கேட்பார் புலவரின் உறுதியை மட்டுமே வியப்பது வழக்கம். மறுத்தவரைத் தொடர்ந்து போற்றிய மன்னரின் பெருந்தன்மையும் அதற்குச் சிறிதும் குறைந்ததன்று. கவிதையின் கருவி யாவர்க்கும் பொதுவாய் இருக்கலாம். அக்கருவியால் எதனைப் பாடுவது என்பது உள்ளத்தின் உரிமை. கருவியைக் கடன்கொண்டதனால் உள்ளத்தை விற்றதாகாது என்பதை இவ்வரலாறு காட்டும். தெருவின் மெட்டை ஆலயத்திற் பாடலாகாது என்றார்க்கும் இஃதொரு விடையாம்.

1832ஆம் ஆண்டில் மன்னர் மறைந்தார். சாஸ்திரியார் அதன்பின்னும் 32 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். 1864ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24ஆம் நாள், ஏறத்தாழத் தொண்ணூறு வயதினராய், தஞ்சையில் ஆண்டவர் திருவடி சேர்ந்தார்.

பாட்டின் பயணம்

அவர் உயிரோடிருக்கும்பொழுதே வழக்கின் தீர்ப்பு வந்துவிட்டது. மதுரைப் பகுதியிற் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சார்ந்த எட்வர்ட் வெப் ஐயர், நாட்டு மெட்டே நாட்டாரின் உள்ளத்தைத் திறக்குமென்று கண்டு, சாஸ்திரியாரின் பாடல்கள் பலவற்றை உள்ளடக்கிய கிறிஸ்தவக் கீர்த்தனத் தொகுதியை 1853ஆம் ஆண்டில் வெளியிட்டார். தஞ்சையில் ஆலயத்தினின்று அகற்றப்பட்ட பாட்டு, அச்சேறி ஆலயந்தோறும் புகுந்தது. பிற்காலத்தில் இந்திய இசையைப் பற்றி 1921ஆம் ஆண்டில் நூலெழுதிய பாப்லி ஐயர் போன்றோர் அவ்வழியே மேலும் நடந்தனர்.

செங்கற்பட்டுச் சீமைக்கும் அப்பாட்டு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காத்லாந்து மிஷனைச் சார்ந்த ஆடம் ஆண்ட்ரூ ஐயர் முதலியோர் இச்சீமையில் உழைத்தபொழுது, அவர்கள் சொற்கேட்டுக் கூடியவருட் பெரும்பாலார் நிலமற்ற, தாழ்த்தப்பட்ட குலத்து மக்களே. சாஸ்திரியார் தம்மருகே இருத்த மறுத்த அம்மக்களின் வழிவந்தோரே அவர் பாட்டைக் காத்தனர். தம் குழந்தைகளுக்கும் கற்பித்தனர்.

இதனை விதியின் விளையாட்டு என்று கூறி நாம் விட்டுவிடுதல் கூடாது. இதற்குக் காரணம் பாட்டின் அமைப்பிலேயே இருக்கின்றது. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியன. ஆங்குக் குடத்தில் ஓலையிடப் பெறுவதற்கு இறைநிலம் கால்வேலிக்கு மேல் உடைமையும், சொந்த மனையில் வீடும், குறித்த வயதும், வேதக் கல்வியும் வேண்டும் என்று அவை விதித்தன. பல்லவிக்கு அத்தகைய விதியில்லை. அதனைப் பாட நிலம் வேண்டா, ஏடு வேண்டா, குலம் வேண்டா. குரல் ஒன்றே போதும். அன்றியும், சபையார் பல்லவியை எடுத்துத் தாராவிடின் முன்பாடுவோன் எத்துணை வல்லவனாயினும் பாட்டு முற்றுப் பெறுவதில்லை. அத்தகைய வடிவத்தைக் கைக்கொண்ட அன்றே, தாம் அறிந்தோ அறியாமலோ, சாஸ்திரியார் தம் வாயிலை யாவர்க்கும் திறந்துவிட்டார். அவர் எழுதிய சாதி நூல் ஒரு சுவரை எழுப்ப முயன்றது. அவர் பாட்டோ அச்சுவரில் வாயில் வைத்தது. நூலை இன்று ஆராய்ச்சியாளரன்றிப் படிப்பாரிலர். பாட்டைப் பாடுவார் எண்ணிறந்தோர்.

ஆதலின் இசைநுட்பம் வேறு, ஆவியின் எழுச்சி வேறு என்று பிரித்துரைப்பது பிழையாம். நுட்பம் எனப்படுவது, தனியொருவனின் பக்தியைப் பலர் புகுந்து தங்கும் வீடாகக் கட்டும் தொழிலே. வீடு நன்கு கட்டப்பட்டதாயின், கட்டியவனின் மனத்தைக் காட்டிலும் அது விசாலமாய் அமைதலும் உண்டு. கல்லூரி இசைக்குழுவில் இடம்பெற விரும்பும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக. கைதட்டலைப் பெறுவதற்குரிய குரல் வேறு. பிறர் வாய்திறந்து உடன்பாடுதற்கு இடம் விட்டு நிற்கும் குரல் வேறு. பின்னதைப் பயிலுதல் அரிது. அதற்கு இராகமும் தாளமும் பிழையறக் கற்றல் வேண்டும். கற்றபின் தன்னைச் சற்றே ஒதுக்கி நிற்கவும் கற்றல் வேண்டும். சாஸ்திரியாரின் பாட்டினின்று முதலாவதை ஐயமின்றிக் கற்கலாம். இரண்டாவதை, அவர் பாட்டை ஏடின்றிக் காத்துத் தந்த எளிய மக்களிடமிருந்தே நாம் கற்க வேண்டியவராயிருக்கின்றோம்.